இரண்டு லேபிள் ஒட்டிய பெட்டி

விவேக் நகர், பெங்களூரு
18 ஆகஸ்ட் 2024

குழந்தை யேசு உனக்குக் காவல்.

என் கண்ணு சோனியா,

மடத்தில் உன்னைச் சகோதரி அமலி என்று கூப்பிடுகிறார்கள். ஆறு வருஷமாகியும் எனக்கு அது வாயில் வரவில்லை. அதனால் உறையின் மேல் அமலி, உள்ளே சோனியா. இங்கே நானும் அப்பாவும் சுகம். என் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மழைக்காலத்தில் உனக்கு மூக்கடைக்குமே, ஆவி பிடிக்கிறாயா?

தெருவில் எல்லாத் தாய்மார்களும் துபாயிலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளைகளோடு போனில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். சேலம் பக்கத்து மலையில் இருக்கிற பிள்ளைக்கு நான் பேனாவைத் தேடிக்கொண்டு உட்காருகிறேன். உங்கள் அடைப்பு மடத்தில் போன் கிடையாது, வெளியே வருவதும் கிடையாது என்று தெரிந்துதான் உன்னை அனுப்பினேன். தெரிந்து அனுப்பினால் முணுமுணுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

சேதிக்கு வருகிறேன். எங்கள் ஹொசகோட்டை பார்சல் ஹப்பில் மிஷின் வைக்கிறார்கள். இத்தனை வருஷமாக நாங்கள் மேசையைச் சுற்றி நின்று, ஒவ்வொரு பார்சலிலும் பின்கோடைப் பார்த்து, அந்தந்த ஊர்ச் சாக்கில் வீசிக்கொண்டிருந்தோம். இனிமேல் அந்த வேலையை அதுவே செய்யுமாம். பெரிய வளையம், கோயில் மைதானத்தைச் சுற்றி வருகிற அளவுக்கு. அதன் மேல் வரிசையாகத் தட்டுகள் ஓடும், தட்டுக்கு ஒரு பார்சல். வழியில் ஒரு கூண்டு. அதற்குள் நுழைந்ததும் காமிராக்கள் இரண்டு பக்கமும் பார்த்து லேபிளைப் படித்துவிடும். வளையத்தின் ஓரத்தில் ஊருக்கு ஒரு சறுக்குமரம். மைசூர்ச் சறுக்கு வந்ததும் மைசூர் பார்சலைத் தட்டு தானே பக்கவாட்டில் தள்ளிவிடும். ஹூப்ளிக்கு ஹூப்ளி, தும்கூருக்குத் தும்கூர். நிற்கவே நிற்காது.

எங்கள் சூப்பர்வைசர் ரங்கா, "அக்கா, இனிமே கண்ணக் கெடுத்துக்க வேணாம், எல்லாம் அதே பாத்துக்கும்" என்று சிரிக்கிறான். அது பார்த்துக்கொண்டால் நாங்கள் எங்கே போவது என்று கேட்டேன். பாதிப் பேரை லாரி ஏற்றுகிற பக்கம் மாற்றிவிட்டார்கள். நானும் சந்திரம்மாவும் இங்கேயே இருக்கிறோம்.

இன்னொன்று. அடுத்த வருஷம் ஜூனில் உன் நித்திய வார்த்தைப்பாடு. அதைக் கொடுத்துவிட்டால் ஆயுசுக்கும் அங்கேதான். போன தடவை பார்க்க வந்தபோது பார்வையாளர் அறைக் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீ, உன் பக்கத்தில் ஒரு சிஸ்டர் உட்கார்ந்து செபமாலை கோத்துக்கொண்டிருந்தார். கேட்க வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன். அங்கே நீ சந்தோஷமாக இருக்கிறாயா? ஒரு வரி எழுது, போதும். இல்லை என்றால் இல்லை என்றே எழுது. அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் நினைப்பாகவே இருக்கிற,
அம்மா ஜெசிந்தா


அடைப்பு மடம், மலைச்சாலை, சேலம் வழி
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆண்டவருடைய சமாதானம்.

உங்கள் கடிதத்தைத் தோட்டத்து மதில் ஓரம் உட்கார்ந்து படித்தேன். மூக்கு திறந்தே இருக்கிறது. சிஸ்டர் பெர்னார்ட் தைல இலை போட்டுக் கொதிக்கவைத்து, என் தலையில் போர்வையைப் போட்டு அமுக்கிவிடுகிறார். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, பிடி மட்டும் இரும்பு. உங்கள் முழங்காலுக்குக் கடுகெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சித் தடவச் சொன்னார். சாப்பாடு நன்றாக இருக்கிறது. நேற்று கூட்டாஞ்சோறு மாதிரி ஒன்று வந்தது. நீங்கள் செய்வது போல் இல்லை, ஆனாலும் இரண்டு தடவை வாங்கினேன்.

பூசையில் கொடுப்பதற்காக நாங்கள் சுடுகிற ஓஸ்தி அப்பத்தை முன்பெல்லாம் பங்குக் கோயில்களிலிருந்து ஆள் வந்து வாங்கிப் போவார்கள். இப்போது கூரியர் வண்டி வருகிறது. கட்டி அனுப்புகிற வேலை எனக்கு. அப்பம் எடையே இல்லாதது, ஆனால் ஒரு தட்டு தட்டினால் நொறுங்கிவிடும். வைக்கோல் மாதிரி காகிதம் கிழித்துப் போட்டு அடுக்குகிறேன். பெட்டி காசு கொடுத்து வாங்குகிற வழக்கம் மடத்தில் இல்லை. கடைகள் கொடுக்கிற பழைய பெட்டிதான். உங்களிடம் நல்ல அட்டைப் பெட்டி இருந்தால் மடித்து அனுப்புங்கள், அம்மா.

அந்த மிஷின் வந்துவிட்டதா? தட்டு தானே தள்ளிவிடும் என்று எழுதியதை சிஸ்டர் பெர்னார்டுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் நம்பவில்லை.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். செபத்துக்கு மணி அடிக்கிறார்கள்.

தினமும் உங்கள் இருவரையும் நினைத்துச் செபிக்கும்,
சோனியா


விவேக் நகர், பெங்களூரு
20 அக்டோபர் 2024

குழந்தை யேசு உனக்குக் காவல்.

என் கண்ணு சோனியா,

நாங்கள் சுகம். நீயும் சுகம் என்று படித்துச் சந்தோஷம். நான் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டாயாம். மூக்குக்குப் பதில் வந்தது, சாப்பாட்டுக்குப் பதில் வந்தது, முழங்காலுக்கு வைத்தியமே வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை, எது என்று உனக்குத் தெரியும். சரி, சண்டை போடவில்லை. அவசரமும் இல்லை.

மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. ஓடாமல் நின்ற கூத்தையும் கேள்.

ஆயுத பூஜை வந்தது. ரங்கா பூசணிக்காய், வாழைக்கன்று, சாமந்தி மாலை என்று தடபுடல் பண்ணிவிட்டான். சந்திரம்மா தலைக்குக் குளித்து வந்து மோட்டாருக்கு, தட்டுக்கு, சுவிட்சுப் பலகைக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தாள். காமிராக் கூண்டுக்கு வந்ததும் நின்றாள். "எல்லாத்துக்கும் வெச்சிட்டு, பாக்குற கண்ணுக்கு வெக்காம உட்டா நல்லாவா கீது?" என்று எட்டி அதற்கும் ஒரு பொட்டு. நான் சும்மா இருப்பேனா? பையிலிருந்த குழந்தை யேசு ஸ்டிக்கரை எடுத்து இந்தப் பக்கத்துக் கண்ணாடியில் ஒட்டிவைத்தேன். அதுவும் காமிரா என்று யார் கண்டது, சின்ன ஜன்னல் மாதிரி இருந்தது.

பூஜை முடிந்து மிஷினைப் போட்டார்கள். ஒரு பார்சல்கூட எந்த ஊரிலும் விழவில்லை. எல்லாம் சுற்றுகின்றன, சுற்றுகின்றன, கடைசிச் சறுக்கில் வந்து கொட்டுகின்றன. மலையாகக் குவிந்துவிட்டது. ரங்கா தலையில் கையை வைத்துக்கொண்டு, "திருஷ்டி கழிச்சும் இப்பிடி ஆய்த்தே!" என்று புலம்புகிறான். மிஷின் கம்பெனியிலிருந்து ஸ்ரீரஞ்சனி என்று ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். லேப்டாப்பை வைத்துக்கொண்டு வெகு நேரம் தட்டினாள். பிறகு கூண்டுக்குள் தலையை விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஒரு கண்ல பொட்டு, ஒரு கண்ல சாமி. யாருங்க பண்ணது இது?" நானும் சந்திரம்மாவும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். திட்டுவாள் என்று பார்த்தால், தரையில் உட்கார்ந்து சிரித்தாள். இப்போது கூண்டின் மேல், கண்ணாடியில் எதையும் வைக்கக் கூடாது என்று மூன்று மொழியில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கடைசிச் சறுக்கில்தான் இப்போது என் வேலை. லேபிள் கசங்கியது, நனைந்தது, கிழிந்தது என்று மிஷினால் படிக்க முடியாத பார்சல் மூன்று சுற்று சுற்றும். அப்புறமும் முடியவில்லை என்றால் என்னிடம் தள்ளிவிடும். நான் பார்த்து, புது லேபிள் போட்டு, மறுபடியும் ஏற்றிவிடுவேன். வேலை பிடித்திருக்கிறது. முன்னே ஒரு நாளைக்கு ஆயிரம் பார்சல் கையைத் தாண்டிப் போகும், ஒன்றும் நினைவில் நிற்காது. இப்போது ஒவ்வொன்றையும் எடுத்து முகம் பார்க்கிறேன்.

பெட்டி அனுப்பியிருக்கிறேன். ஒரு பெரிய கட்டு. அப்பாதான் ஓரங்களுக்கு டேப் ஒட்டினார். உனக்குத்தான் அவர் டேப் ஒட்டுகிற அழகு தெரியுமே, பாம்பு போன தடம் மாதிரி. ஒவ்வொரு பெட்டியிலும் ஏதாவது தின்பண்டமோ துணியோ வைத்துத் தனித்தனியாகவும் அனுப்புவேன், அதையும் வைத்துக்கொள். ஆனால் ஒன்று கவனி. நீ அப்பம் கட்டும்போது என் பழைய லேபிளைக் கிழித்துவிட்டுத்தான் புது லேபிள் ஒட்ட வேண்டும். இரண்டும் இருந்தால் எந்த ஊருக்கு என்று மிஷினுக்குத் தெரியாது. சுற்றிச் சுற்றி என் கையில்தான் வந்து விழும். கர்நாடகத்துக்கு வருகிற பார்சல் எல்லாம் எங்கள் ஹப் வழிதான்.

நான் கேட்டது மனசில் இருக்கட்டும்.

முத்தங்களுடன்,
அம்மா


அடைப்பு மடம், மலைச்சாலை
24 நவம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆண்டவருடைய சமாதானம். நான் நலம், உங்கள் நலத்துக்கு மன்றாடுகிறேன்.

பொட்டுக் கதையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, நாங்கள் பேச அனுமதி உள்ள நேரத்தில் எல்லாருக்கும் வாசித்தேன். மடத்துத் தலைவி மதரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிஸ்டர் பெர்னார்ட் மட்டும், "சாமி படம் ஒட்டினா மிஷின் ஏன் நிக்கணும்?" என்று கோபித்துக்கொண்டார்.

பெட்டிகள் வந்து சேர்ந்தன. அப்பாவின் டேப்பைப் பார்த்ததும் நம் வீட்டு பிரிட்ஜ் கதவு ஞாபகம் வந்தது. பழைய லேபிளை எல்லாம் நகத்தால் கிழித்துவிட்டே ஒட்டுகிறேன். நீங்கள் சொன்னதை மறக்கவில்லை.

நானும் உங்களைப் போலத்தான் பிரிக்கிறேன், அம்மா. சுட்ட அப்பத்தைச் சல்லடையில் போட்டு ஆட்டி, உடைந்ததைத் தனியாக எடுக்க வேண்டும். உடைந்ததைக் குப்பையில் போடுவதில்லை. கேட்டுக்கு வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து கை நீட்டுவார்கள், சுவரில் பதித்த மடத்துச் சுழல் பெட்டியில் வைத்து வெளிப்பக்கம் திருப்பிவிடுவோம்.

உங்கள் கடைசிச் சறுக்கை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். உங்களாலும் படிக்க முடியாத பார்சல் வந்தால் என்ன செய்வீர்கள்? அனுப்பியவருக்கே திருப்பி விடுவீர்களா?

அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் எழுதவும் அனுமதி இல்லை, வாங்கவும் இல்லை. உங்களுக்குத் தெரியும்.

அன்பு மகள்,
சோனியா


விவேக் நகர், பெங்களூரு
5 ஜனவரி 2025

குழந்தை யேசு உனக்குக் காவல்.

என் கண்ணு சோனியா,

கிறிஸ்துமஸ் வாழ்த்து, புது வருஷ வாழ்த்து, இரண்டும் சேர்த்து வைத்துக்கொள். முறுக்கும் ரோஸ் குக்கீசும் தனிப் பெட்டியில் வருகின்றன. சிஸ்டர் பெர்னார்டுக்குப் பல் இல்லை என்றால் பாலில் ஊறவைத்துக் கொடு. எனக்கு முழங்கால் தேவலை. அப்பாவுக்குச் சளி, ஆனாலும் பாதிராப் பூசைக்கு மப்ளரைக் கட்டிக்கொண்டு வந்தார். பூசை முடிந்து கோயில் குடிலைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், "அங்க அவளுக்குப் போத்திக்க ஏதாச்சும் இருக்குமா?" என்றார். ஆறு வருஷத்தில் உன்னைப் பற்றி அவராக வாய் திறந்தது அதுதான். இருக்கும் என்றேன். இருக்கிறதா?

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசிச் சறுக்கைப் பற்றிக் கேட்டாயே, சொல்கிறேன். எந்தப் பார்சலையும் நாங்கள் தூக்கி எறிவதில்லை. என்னால் படிக்க முடியாவிட்டால் சந்திரம்மாவைக் கேட்பேன். அவளாலும் முடியாவிட்டால் அனுப்பியவர் வீட்டுக்கே திருப்பிவிடுவோம். அதில் ஒரு கேவலமும் இல்லை. போன பார்சல் திரும்பி வந்தால் எந்த வீட்டிலும் கதவைச் சாத்த மாட்டார்கள். வா என்று வாங்கி உள்ளே வைத்துக்கொள்வார்கள். எத்தனை வருஷம் கழித்து வந்தாலும்.

நான் பார்சலைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீங்கள் எழுதும் உறையை ஒட்டாமல் மதரிடம் கொடுப்பதும், வருகிற உறையை அவர் பிரித்துக் கொடுப்பதும் உங்கள் வழக்கம் என்று தெரியும். மதர் இதைப் படித்தால் அவருக்கும் என் புது வருஷ வாழ்த்து.

சோனியா, இப்போதாவது அந்த ஒரு வரியை எழுது.

காத்திருக்கிற,
அம்மா


அடைப்பு மடம், மலைச்சாலை
2 மார்ச் 2025

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆண்டவருடைய சமாதானம்.

பிப்ரவரியில் எழுத முடியவில்லை, மன்னியுங்கள். நான் நலம். முறுக்கு வந்தது. போர்த்திக்கொள்ள இரண்டு கம்பளி இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லுங்கள். இங்கே வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. வரும் புதன் விபூதித் திருநாள், தவக்காலம் தொடங்குகிறது. ஈஸ்டர் வரை கடிதம் இல்லை.

உங்கள்,
சோனியா


விவேக் நகர், பெங்களூரு
6 ஏப்ரல் 2025

குழந்தை யேசுவே, என் பிள்ளையைப் பார்.

என் தங்கமே சோனியா,

இந்தக் கடிதம் ஈஸ்டர் வரைக்கும் மதர் மேசையில் கிடக்கும் என்று தெரியும். தெரிந்தே எழுதுகிறேன், எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

உன் மார்ச் கடிதம் வந்தபோதே எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பிள்ளை எழுதுகிற கடிதமா அது? வெயில் ஏறிவிட்டதாம். ஊரில் எல்லாருக்கும்தான் வெயில்.

அப்புறம் ஒரு நாள் கடைசிச் சறுக்கில் ஒரு பெட்டி வந்து விழுந்தது. கையில் எடுத்தால் எடையே இல்லை. ஓரத்தில் பாம்பு போன தடம் மாதிரி டேப். நம் வீட்டுப் பெட்டி! ஒரு பக்கம் மடத்திலிருந்து தங்கவயல் கோயிலுக்கு என்று புது லேபிள். மறுபக்கம் நான் உனக்கு முறுக்கு அனுப்பியபோது ஒட்டிய லேபிள் அப்படியே இருந்தது, என் கையால் எழுதிய விலாசத்தோடு. மிஷின் இரண்டையும் படித்துவிட்டு மலைக்கா, தங்கவயலுக்கா என்று தெரியாமல் சுற்றிவிட்டு என்னிடம் தள்ளியிருக்கிறது.

மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் வந்தது. அதற்கடுத்த வாரமும். சோனியா, உனக்கு ஒன்றை ஒரு தடவை சொன்னால் போதும், சின்னதிலிருந்தே அப்படித்தான். நகத்தால் கிழித்துவிட்டு ஒட்டுகிறேன் என்று நீயே எழுதினாய். அப்படியானால் தெரிந்துதான் விடுகிறாய். என் கைக்கு வர வேண்டும் என்றுதான் விடுகிறாய். எழுத முடியாததை இப்படிச் சொல்கிறாய், இல்லையா? அம்மா, வந்து கூட்டிக்கொண்டு போ என்கிறாய்.

போன வாரப் பெட்டியை உடனே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. மேசைக்குக் கீழே என் காலடியில் வைத்திருந்தேன். அன்றைய லாரி போய்விட்டது. அப்புறம்தான் ஏற்றினேன்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கையில் பெயிண்ட் டப்பா, வானத்து நீலம், உனக்குப் பிடித்தது. உன் அறையை இரண்டு கை அடித்துவிட்டார். கட்டிலுக்கு ஆணி அடித்தார். மூச்சு வாங்குகிறது, விட மாட்டேன் என்கிறார். நான் அதே நீலத்தில் சுடிதாருக்குத் துணி எடுத்துவிட்டேன். சந்திரம்மா ரங்காவிடம் உனக்கு ஆபீஸ் பக்கம் ஒரு வேலைக்குச் சொல்லியும் வைத்துவிட்டாள்.

வந்துவிடு, கண்ணு. வார்த்தைப்பாடு கொடுக்கிற வரைக்கும் நீ யாருக்கும் கடன்பட்டவள் இல்லை. ஊர் என்ன பேசும் என்று நினைக்காதே. பேசுகிறவர்கள் வாயில் ரோஸ் குக்கீசை அடைக்கிறேன்.

கதவைத் திறந்து வைத்திருக்கிற,
அம்மா


அடைப்பு மடம், மலைச்சாலை
21 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மா, அப்பா, உயிர்த்த ஆண்டவர் உங்களோடு இருப்பாராக. இருவரும் நலமா? அப்பா இன்னும் ஏணியில் ஏறுகிறாரா? முதலில் அவரை இறங்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை மதர் நேற்று என் கையில் கொடுத்தார். படித்ததிலிருந்து அழுதுகொண்டிருக்கிறேன். இப்போதும் எழுத்து நனைகிறது, பொறுத்துப் படியுங்கள்.

லேபிளைத் தெரிந்துதான் விட்டேன். அது உண்மை. தவக்காலத்தில் முதல் பெட்டி கட்டும்போது, கிழிக்கலாம் என்று விரல் வைத்தேன். அதில் உங்கள் கையெழுத்து. 'சோனியா' என்று எழுதி அடித்துவிட்டு 'அமலி' என்று எழுதியிருந்தீர்கள். கிழிக்க முடியவில்லை. இதை விட்டால் அம்மா கையில் போய் விழும், அம்மா எடுத்து முகம் பார்ப்பாள் என்று தோன்றியது. அவ்வளவுதான். நான் உங்களைக் கூப்பிடவில்லை, அம்மா. உங்களைத் தொட்டுக்கொண்டேன். அது உங்களை இப்படி உலுக்கும் என்று நினைக்கவே இல்லை. முட்டாள் நான்.

அந்த ஒரு வரியை ஏன் எழுதவில்லை என்று சொல்கிறேன். ஆகஸ்டிலிருந்து எழுதி எழுதிப் பார்த்தேன். பிப்ரவரியில் முழுக் கடிதங்களையே எழுதிக் கிழித்தேன். சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுதினால், நீங்கள் இல்லாமல் சந்தோஷமாக இருக்கிறேன் என்றுதானே அர்த்தம்? உங்கள் சாப்பாடு இல்லாமல், அப்பாவின் இருமல் சத்தம் இல்லாமல், திருவிழாவும் தேரும் இல்லாமல். காலையில் இருட்டு விலகுமுன் எழுந்து பாட நிற்கும்போது எனக்கு வேறு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. அதை என்னைப் பெற்றவளுக்கு எந்த முகத்தோடு எழுதுவேன்? கம்பிக்கு அந்தப் பக்கம் நீங்கள் உட்கார்ந்திருந்தது கண்ணிலேயே நிற்கிறது. அதனால் மூக்கைப் பற்றியும் முறுக்கைப் பற்றியும் எழுதினேன். கடைசிச் சறுக்கைப் பற்றி நான் கேட்டது, நிஜமாகவே அதைத் தெரிந்துகொள்ளத்தான்.

இப்போது எழுதிவிடுகிறேன். நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன், அம்மா. ஜூனில் வார்த்தைப்பாடு கொடுக்கப் போகிறேன். நீங்கள் இருவரும் வர வேண்டும்.

மதரிடம் லேபிள் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். தங்கவயல் பங்குச் சாமியார் ஏற்கெனவே எழுதியிருந்தாராம். பெட்டி நேரத்துக்கு வராமல், ஒரு ஞாயிறு அப்பத்தைப் பாதி பாதியாக உடைத்துக் கொடுத்தாராம். கிடங்கில் இருக்கிற எல்லாப் பெட்டியிலும் பழைய லேபிளை உரிப்பது என் தண்டனை. உரித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கையெழுத்து உள்ள ஒன்றை மட்டும் செபப் புத்தகத்தில் வைத்துக்கொள்ள மதர் அனுமதி கொடுத்தார்.

என்னை மன்னியுங்கள்.

உங்கள் பிள்ளை,
சோனியா


விவேக் நகர், பெங்களூரு
4 மே 2025

குழந்தை யேசு உனக்குக் காவல்.

அடி பைத்தியக்காரப் பெண்ணே,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, ஆனாலும் சுகமா? உன் கடிதத்தைக் கோயிலுக்கு எடுத்துப் போய், அங்கேயே உட்கார்ந்து படித்தேன். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் இல்லாமல் நீ சந்தோஷமாக இருந்தால் எனக்கு என்ன குறைந்துவிடும் என்று எழுத உட்கார்ந்தேன். பொய் எழுத வரவில்லை. குறையும். கொஞ்சம் குறையும். இருக்கட்டும். எட்டு மாதம் நீ அங்கே மூலையில் உட்கார்ந்து அழுகிறாய் என்று நினைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைவிட இது ஆயிரம் மடங்கு மேல். கோபமும் இருக்கிறது. நேரில் வந்தால் கம்பிக்குள் கையை விட்டு ஒரு குட்டு வைப்பேன்.

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். எழுந்து போய் நீலச் சுவரைத் தடவிப் பார்த்தார். "பெயிண்ட்டு நல்லாத்தான் வந்திருக்கு. வெயில் காலத்துக்கு நாமளே படுத்துக்கலாம்" என்றார். ஜூனுக்கு அவரும் வருகிறார். அவர் வாயாலேயே சொன்னது.

தங்கவயல் சாமியாருக்கு அப்பம் தாமதமானது என் காலடியில் பெட்டியை வைத்துக்கொண்டதால்தான். மதரிடம் சொல், என் பங்குத் தண்டனையாகப் புதுப் பெட்டிகள் கொண்டுவருகிறேன், லேபிளே ஒட்டாதவை.

சுடிதார்த் துணியை எனக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டேன். வார்த்தைப்பாட்டுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு வருவேன்.

உன் அம்மா


அடைப்பு மடம், மலைச்சாலை
29 ஜூன் 2025

அன்புள்ள அம்மா, அப்பா, ஆண்டவருடைய சமாதானம். ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? பஸ்ஸில் முழங்கால் வலித்ததா?

வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நீல ஜாக்கெட் உங்களுக்கு அழகாக இருந்தது. குட்டு உண்மையாகவே வலித்தது. அப்பா அவ்வளவு நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, கிளம்பும்போது, "சாப்டியா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டேன் என்று சொன்னேனே, அது பொய். காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. நீங்கள் போன பிறகுதான் சாப்பிட்டேன், அவரிடம் சொல்லுங்கள்.

என்றும் உங்கள்,
சோனியா


விவேக் நகர், பெங்களூரு
20 ஜூலை 2025

குழந்தை யேசு உனக்குக் காவல்.

என் கண்ணு சோனியா,

நாங்கள் இருவரும் சுகம். அப்பா மதியத்தில் நீல அறையில்தான் தூங்குகிறார். நீ பொய் சொன்னதைச் சொன்னேன். "தெரியும், மூஞ்சியிலயே தெரிஞ்சுது" என்றார்.

வியாழக்கிழமை நடந்ததை எழுத வேண்டும். என் சறுக்கில் வேலை குறைவாக இருந்தது. சும்மா வளையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தூரத்தில் ஒரு தட்டில் உன் பெட்டி வந்தது. நான் கொண்டுவந்து கொடுத்த புதுப் பெட்டி. அப்பா அதிலும் டேப் ஒட்டியிருந்தாரே, அந்தக் கோணலை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். ஒரே ஒரு லேபிள், நேராக, சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தாய். கூண்டுக்குள் போனது, வெளியே வந்தது. என் பக்கம் வந்துவிடுமோ என்று கையை முன்னால் நீட்டிவிட்டேன், பழக்கம். வரவில்லை. முதல் சுற்றிலேயே தங்கவயல் சறுக்கில் திரும்பி, சத்தமே இல்லாமல் இறங்கிப் போனது.

நான் கையை நீட்டியபடியே நின்றிருக்கிறேன். ரங்கா ஓடிவந்தான். "யாக்கக்கா, ஏன் அழுறீங்க? முட்டி நோவுதா?"

"இல்ல ரங்கா. எம் பொண்ணு அனுப்புன பொட்டி. சரியான எடத்துல எறங்கிடுச்சு" என்றேன்.

அவன் சறுக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒன்றும் புரியாமல் டீ வாங்கிக் கொடுத்தான். குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். மழை தொடங்கிவிட்டது, மூக்கை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்.

எப்போதும் உன்,
அம்மா